கணினிக் கோட்டையும் பள்ளி மாணவர் போட்டியும்

தில்லி மாநகரின் கரோல் பாக் பகுதி தமிழர்க்குப் புதிதன்று. அரசாங்க உத்தியோகத்தின் பொருட்டு வடக்கே வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக இங்கும் இதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்ந்து வந்துள்ளன. 1923ஆம் ஆண்டில் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று, இங்கிருந்து செல்லும் பூசா சாலையில் நடைபெற்று வருகிறது. ஹக்கீம் அஜ்மல் கானின் பெயர் தாங்கிய கடைவீதியும், எல்லைக் காந்தியின் பெயர் தாங்கிய கப்பார் மார்க்கெட்டும் இப்பகுதியிலேயே உள்ளன. கப்பார் மார்க்கெட்டில் கைபேசி விற்பனையும், பழுது பார்த்தலும், பழைய கைபேசிகளின் கைமாற்றமும் நாள் முழுவதும் நடைபெறுகின்றன. அங்கிருந்து பூசா சாலை வழியே தென்மேற்காகச் சிறிது தூரம் சென்றால் தேசியப் பௌதிக ஆராய்ச்சிச் சாலையை அடையலாம். நம் நாட்டின் நேரத்தைக் கணித்து வழங்கும் பொறுப்பு அந்நிலையத்தையே சார்ந்தது.

கைபேசிக் கடைக்கும் நேரங்காட்டும் ஆராய்ச்சிச் சாலைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவக்கூடும். பள்ளி மாணவர் குழுக்களுக்கென உலகின் பல பாகங்களில் நடத்தப்பெறும் கணினிப் பாதுகாப்புப் போட்டிகளின் வினாத்தாளை எடுத்துப் பார்த்தால், ஒரு வினா அழிக்கப்பட்ட கோப்பை மீட்பதைப் பற்றியதாயிருக்கும். மற்றொன்று பதிவேட்டில் கண்ட நேரத்தைக் கொண்டு உண்மையைத் துருவுவதாயிருக்கும். முன்னதற்குரிய பாடம் கப்பார் மார்க்கெட்டில் கிடக்கிறது. பின்னதற்குரிய பாடம் ஆராய்ச்சிச் சாலையின் கடிகாரத்தில் இருக்கிறது. இப்போட்டிகள் யாவை, அவற்றில் மாணவர்கள் செய்வது என்ன, ஆசிரியர்கள் எவற்றில் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

உழிஞையும் நொச்சியும்

நம் முன்னோர் கோட்டைப் போரை இரு கூறாக வகுத்தனர். பகைவரின் எயிலை வளைத்துப் போரிடுதல் உழிஞை. தன் எயிலைக் காத்து நிற்றல் நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலை இவ்விரண்டையும் தனித்தனிப் படலங்களாகவே அமைத்துள்ளது. இற்றைக் கணினிப் பாதுகாப்புப் போட்டிகளையும் இவ்வாறே பிரித்து விளங்கிக் கொள்வது எளிது.

முதல் வகை உழிஞைப் போட்டி. இதனைக் 'கொடியைக் கைப்பற்றும் போட்டி' என வழங்குவர். போட்டியை நடத்துவோர், ஒரு கோப்பிலோ படத்திலோ மறைகுறியிலோ அல்லது வேண்டுமென்றே பலவீனமாக அமைத்த ஒரு வலைத்தளத்திலோ சிறு சொற்றொடர் ஒன்றை ஒளித்து வைப்பர். அச்சொற்றொடரே 'கொடி'. அதனைக் கண்டுபிடித்துத் தெரிவிக்கும் குழுவிற்கு மதிப்பெண் வழங்கப்படும். அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஆண்டுதோறும் கூடும் 'டெஃப் கான்' மாநாட்டில் 1996ஆம் ஆண்டு முதல் இத்தகைய போட்டி நடைபெற்று வருகிறது. அது முதிர்ந்த வல்லுநர்க்குரியது. பள்ளி மாணவர்களை மனத்திற்கொண்டு பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தார் 2013இல் 'பிக்கோ சிடிஎஃப்' என்னும் போட்டியைத் தொடங்கினர். 13 வயது நிரம்பிய எவரும், எந்நாட்டவராயினும், கட்டணமின்றி அதன் கணக்குகளைச் செய்து பார்க்கலாம். விசேஷக் கருவிகள் ஒன்றும் தேவையில்லை. இணையத் தொடர்பும் ஒரு சாதாரணக் கணினியும் போதும். நம் பள்ளிகளுக்கு இது பெரிய அனுகூலமாகும்.

நம் நாட்டில் இத்துறையில் முன்னோடியாக விளங்குவது அமிர்த விசுவ வித்யாபீடம். கோயம்புத்தூரை அடுத்த எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட இப்பல்கலைக்கழகத்தின் அமிர்தபுரி வளாகத்தில் 'பயாஸ்' என்னும் மாணவர் குழு இயங்கி வருகிறது. இவர்கள் 2010இல் கல்லூரி மாணவர்களுக்கென 'இன்சிடிஎஃப்' போட்டியைத் தொடங்கினர். பின்னர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென அதன் இளையோர் பிரிவையும் ஏற்படுத்தினர். இவ்விளையோர் பிரிவு, மாணவர் முன்னரே எல்லாம் அறிந்திருப்பர் என்று எண்ணாமல், கற்பித்தலுக்கும் இடம் தருகிறது. இது நல்ல ஏற்பாடு. நம் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் இப்பாடத்தைக் கற்பிக்க ஆசிரியர் இல்லை. சோதனை மட்டும் வைத்துப் பயனில்லை.

இரண்டாம் வகை நொச்சிப் போட்டி. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்கப் பள்ளிகளுக்குரிய 'சைபர் பேட்ரியட்'. 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவில், 8 குழுக்களுடன் பரீட்சார்த்தமாக இது தொடங்கியது. ஒவ்வொரு குழுவிற்கும் ஒரு 'மெய்நிகர் கணினி' கொடுக்கப்படும். அஃதாவது, உண்மையான கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்ட மற்றொரு கணினி. அதனைக் கெடுத்துவிட்டாலும் உண்மைக் கணினிக்குப் பங்கமில்லை. இம்மெய்நிகர் கணினி ஒரு நிறுவனத்திற்கு உரியது என்று ஒரு கதை கூறப்படும். அதில் முன்கூட்டியே பலவகைப் பழுதுகளைப் புகுத்தியிருப்பர். வேலையை விட்டுப் போன ஊழியரின் கணக்கு நீக்கப்படாமல் இருக்கும். கடவுச்சொல் '12345' என்றிருக்கும். தேவையில்லாத வாயில் ஒன்று திறந்து கிடக்கும். புதுப்பிக்கப்படாத மென்பொருளும், எவரோ ஒளித்து வைத்த ஒற்று நிரலும் இருக்கும். சில மணி நேரத்திற்குள் மாணவர்கள் இவற்றைத் தேடிச் செப்பனிட வேண்டும். ஒரு குழுவில் 6 பேர் வரை இருக்கலாம். ஒரே சமயத்தில் 5 பேருக்கு மேல் பணிபுரிதல் கூடாது.

இதில் நுட்பமான விதி ஒன்றுண்டு. பாதுகாப்பு என்று கருதி அந்நிறுவனத்திற்கு இன்றியமையாத சேவையை நிறுத்திவிட்டால் மதிப்பெண் குறையும். எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டால் திருடன் புகமாட்டான் என்பது உண்மையே; ஆயின் வீட்டுக்காரரும் புக முடியாதன்றோ? மருத்துவமனையில் நோயாளியின் குறிப்பேடு மருத்துவருக்கு உடனே கிடைக்க வேண்டும். அதே சமயம் பிறருக்குக் கிடைக்கலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவதே இக்கலை. வெறும் உழிஞைப் போட்டிகளில் இப்பயிற்சி கிட்டுவதில்லை. எமது கருத்தில், பள்ளிகளுக்கு மிகவும் பொருத்தமானது நொச்சி வகையே. ஆயினும் கிளர்ச்சியூட்டுவது உழிஞை வகை என்பதால் மாணவர் அதனையே நாடுகின்றனர்.

காவல் தவறினால் நேர்வது யாது என்பதைத் தில்லிவாசிகள் நேரில் கண்டுள்ளனர். 2022ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணினிகள் தாக்கப்பட்டன. 5 சேவையகங்களில் இருந்த ஏறக்குறைய 1.3 டெராபைட் அளவுள்ள விவரங்கள் பகைவரால் மறைகுறியாக மாற்றப்பட்டுப் பயன்படாமற் போயின என்றும், வலையமைப்பு முறையாகப் பகுக்கப்படாமையே இதற்கு இடங்கொடுத்தது என்றும் அரசாங்கம் பாராளுமன்றத்தில் தெரிவித்தது. புறநோயாளிச் சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை யாவும் பல நாட்கள் கையாலேயே எழுதப்பட்டன. தொலைதூரத்திலிருந்து வந்து வரிசையில் நின்ற நோயாளிக்குக் கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாது. துன்பம் மட்டும் அவரையே சேர்ந்தது.

மறைகுறி: தமிழில் ஒரு சோதனை

இப்போட்டிகளில் தொடக்க மாணவர்க்குக் கொடுக்கப்படும் முதற் கணக்குப் பெரும்பாலும் மறைகுறியே. ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் கையாண்டதாகக் கூறப்படும் முறை மிக எளியது; ஒவ்வோர் எழுத்துக்கும் ஈடாக, நெடுங்கணக்கில் அதற்குச் சில இடங்கள் தள்ளியுள்ள எழுத்தை எழுதுவதே அம்முறை. ஆங்கில எழுத்துகளைக் கொண்டு இதனைக் கற்பிக்கும் வழக்கம் உள்ளது. தமிழிலேயே இதனைச் செய்து காட்டலாம். அவ்வாறு செய்யும்போது இலக்கணமும் உடன் பயன்படுகிறது.

மெய்யெழுத்துகள் 18ஐயும் க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்னும் வரிசையில் எழுதிக் கொள்க. உயிர்க்குறிகளை மாற்றவேண்டா, புள்ளியையும் மாற்றவேண்டா. மெய்யை மட்டும் 3 இடம் முன்னே தள்ளுக. வரிசை முடிந்தால் மீண்டும் ககரத்திலிருந்து எண்ணுக. இம்முறையில் எழுதிய ஒரு செய்தி எதிரியின் கையில் சிக்கியது எனக் கொள்வோம். அது வருமாறு:

ரபல் யாகை றழுல்

எத்தனை இடம் தள்ளப்பட்டது என்பது எதிரிக்குத் தெரியாது. எனினும் அவர் கலங்க வேண்டியதில்லை. மொத்தம் 17 வழிகளே உள்ளன. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தால் போதும். ஓரிடம் பின்னே தள்ளினால் 'யநர் மானை ளவுர்' என வரும். நடுச்சொல் 'மானை' என்று பொருள்படுகிறது. மாணவர் சிலர் இதைக் கண்டதும் விடை கிடைத்துவிட்டதென மகிழ்ந்து விடுவர். ஆனால் ளகரம் தமிழில் சொல்லுக்கு முதலாகாது. ஆகவே இது விடையன்று. ஈரிடம் பின்னே தள்ளினால் 'மதய் பாறை ழலுய்' என வரும். மீண்டும் நடுச்சொல் பொருள்படுகிறது. மீண்டும் இலக்கணம் தடுக்கிறது, ழகரமும் மொழிக்கு முதலில் வாராது. மூவிடம் தள்ளியதும் 'பணம் நாளை வரும்' என்று மூன்று சொற்களும் ஒருங்கே தெளிவாகின்றன.

இச்சிறு சோதனையிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. பொருள்பட்ட ஒரு சொல்லைக் கண்டவுடன் நின்றுவிடலாகாது என்பது ஒன்று. எந்த மொழியும் தனக்கென ஓர் ஒழுங்கை உடையதாகலின், அவ்வொழுங்கே மறைகுறியைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டாம் உண்மையை 9ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாதில் வாழ்ந்த அல் கிந்தி என்னும் அறிஞர் விளக்கியுள்ளார். ஒரு மொழியில் எவ்வெழுத்து எத்தனை முறை பயில்கிறது என்று எண்ணி, மறைகுறியிலும் அவ்வாறே எண்ணி, இரண்டையும் ஒப்பிட்டு விடை காண்பது அவர் காட்டிய வழி. குழுவில் கணக்கில் வல்லவனொருவன் இருந்தால் மட்டும் போதாது, நன்னூல் படித்தவனொருவனும் வேண்டும் என்று தமிழாசிரியர்கள் பெருமையுடன் கூறிக் கொள்ளலாம்.

கடவுச்சொல்லின் வலிமையும் இவ்வகைக் கணக்கே. 4 இலக்கங்கள் கொண்ட எண்ணுக்கு 10,000 வழிகளே உண்டு. ஆங்கிலச் சிற்றெழுத்துகள் 26ஐக் கொண்டு 6 எழுத்துக் கடவுச்சொல் அமைத்தால் 30,89,15,776 வழிகள் ஆகின்றன. இது பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் விநாடிக்கு 100 கோடி முறை முயலும் இயந்திரத்திற்கு அரை விநாடியும் தேவைப்படாது. அதையே 12 எழுத்தாக நீட்டினால், அதே இயந்திரம் எல்லா வழிகளையும் முயன்று முடிக்க ஏறக்குறைய 3 ஆண்டுகள் ஆகும். நீளம் இரு மடங்காயிற்று. உழைப்போ 30 கோடி மடங்காயிற்று. மாணவர்களைக் கரும்பலகையில் பெருக்கிப் பார்க்கச் செய்தால், பத்து எச்சரிக்கைச் சுவரொட்டிகளைக் காட்டிலும் இது நன்கு பதியும். எல்லோரும் வைக்கும் சொற்களையே இயந்திரம் முதலில் முயலும் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். ஊர்ப்பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல் நீளமாயிருந்தும் பயனில்லை. கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதிக் கணினித் திரையின் விளிம்பில் ஒட்டி வைத்திருந்த பள்ளி அலுவலகம் ஒன்றையும் இக்கட்டுரையாளர் கண்டதுண்டு. அங்கே எந்தக் கணக்கும் செல்லாது.

அழித்தது அழிவதில்லை

இனிக் கப்பார் மார்க்கெட்டுக்கு வருவோம். பழைய கைபேசியை விற்கச் செல்பவர் அதிலுள்ள படங்களையெல்லாம் அழித்துவிட்டதாக நம்புகிறார். நூலகத்தில் ஒரு நூலின் பட்டியல் அட்டையைக் கிழித்தெறிந்தால் நூல் மறைந்துவிடுமா? அது அலமாரியிலேயே இருக்கும். தேடுவோர்க்கு இடம் தெரியாது, அவ்வளவே. கணினியும் கோப்பை அழிக்கும்போது பெரும்பாலும் பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்கி, அவ்விடம் காலியென்று குறித்துக் கொள்கிறது. வேறொரு கோப்பு அவ்விடத்தில் எழுதப்படும் வரை பழைய விவரம் அங்கேயே கிடக்கும். நினைவக அட்டை, 'பென் டிரைவ்' முதலியவற்றில் இதனைப் பரிசோதித்துக் காணலாம். போட்டியில் ஒரு பதிவை மாணவரிடம் கொடுத்து, அழிந்த படத்தை மீட்டுத் தருமாறு கேட்பது இத்தத்துவத்தின் மீதே ஆகும். பலவகைக் கோப்புகளுக்குத் தொடக்கத்தில் ஒரு முத்திரை உண்டு. அம்முத்திரையைத் தேடிப் பிடித்தால் கோப்பு அகப்படும்.

அண்மைக் காலத்துக் கைபேசிகளில் நிலைமை சற்று வேறானது. அவற்றில் விவரங்கள் யாவும் மறைகுறியாகவே சேமிக்கப்படுகின்றன. ஆலையிலிருந்து வந்த நிலைக்கு மீட்டமைக்கும் கட்டளையைக் கொடுத்தால், மறைகுறியின் திறவுகோல் அழிக்கப்படுகிறது. திறவுகோல் போன பின்பு பெட்டி இருந்தும் பயனில்லை. எனவே கைபேசியை விற்போர் படங்களைத் தனித்தனியே அழிப்பதில் காலம் போக்காமல், நினைவக அட்டையைக் கழற்றிக் கொண்டு, முழுமையாக மீட்டமைத்துக் கொடுப்பதே முறை. களப்பணியாளர்கள் தங்கள் கைபேசியில் பயனாளிகளின் ஆதார் அட்டைப் படங்களையும் வங்கிப் புத்தகப் படங்களையும் வைத்திருப்பது வழக்கமாதலின், இது அவர்களுக்கு மிகவும் தேவையான செய்தி.

நேரம் என்னும் சாட்சி

1986ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிச் சாலையில், கிளிஃபர்டு ஸ்டால் என்னும் வானசாஸ்திரியிடம் ஒரு சிறு வேலை ஒப்படைக்கப்பட்டது. கணினியைப் பயன்படுத்தியோரிடம் வசூலிக்க வேண்டிய தொகையில் 75 சென்ட் இடித்தது. ஏனென்று பார்க்க வேண்டும். இந்த அற்பத் தொகையைப் பற்றிக் கொண்டு அவர் பல மாதங்கள் பதிவேடுகளைத் துருவினார். ஜெர்மனியிலிருந்து தொலைபேசி வழியே ராணுவக் கணினிகளுள் புகுந்து வந்த ஒற்றன் ஒருவனை அது காட்டிக் கொடுத்தது. அவன் என்றைக்கு, எந்நேரத்தில் நுழைந்தான், எவ்வளவு நேரம் இருந்தான் என்னும் குறிப்புகளே ஸ்டாலுக்குத் துணையாயிருந்தன.

பதிவேட்டை ஆராயும் திறமை, இப்போட்டிகளில் பெரும் பங்கு வகிக்கிறது. ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தத் தக்க கற்பனைக் கணக்கு ஒன்றைக் கீழே தருகிறோம்.

ஒரு பள்ளி அலுவலகத்தின் கணினியில் மதிப்பெண் பட்டியல் திருத்தப்பட்டுள்ளது. பதிவேட்டில் திருத்தம் நிகழ்ந்த நேரம் 20:40 என்று காண்கிறது. அன்றிரவு 9 மணி வரை அலுவலகத்தில் தனித்து வேலை செய்தவர் எழுத்தர் ஒருவரே. வாயிற்காவலரின் நோட்டுப் புத்தகம் இதற்குச் சான்று. 20:40 என்பது இரவு 8 மணி 40 நிமிடம். ஆகவே எழுத்தரே குற்றவாளி என்று தலைமையாசிரியர் முடிவு செய்கிறார். அவருக்குத் தாற்காலிக வேலை நீக்க உத்தரவு தயாராகிறது.

மாணவர் குழு பதிவேட்டை மீண்டும் நோக்குகிறது. நேரத்தை அடுத்து 'இஸட்' என்னும் ஆங்கில எழுத்து ஒன்று நிற்கிறது. அது உலகப் பொது நேரத்தைக் குறிக்கும் அடையாளம். இந்திய நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. கூட்டினால் மறுநாள் அதிகாலை 2 மணி 10 நிமிடம் ஆகிறது! அப்போது அலுவலகம் பூட்டிக் கிடந்தது. மேலும் தேடினால், அதே நேரத்தில் வெளியிலிருந்து வலை வழியே ஒருவர் நுழைந்த குறிப்பும் கிடைக்கிறது.

இங்கே ஆசிரியர் மாணவரைச் சற்று நிறுத்தி வினவ வேண்டும்: எழுத்தர் குற்றமற்றவர் என்று நிலைநாட்டப்பட்டுவிட்டதா? இல்லை. அலுவலக மேசையில் அமர்ந்து அவர் இதைச் செய்தார் என்பது மட்டுமே பொய்யாயிற்று. வீட்டிலிருந்தும் அவர் நுழைந்திருக்கலாம். அவருடைய கடவுச்சொல்லை அறிந்த வேறெவரும் நுழைந்திருக்கலாம். சான்று எவ்வளவு கூறுகிறதோ அவ்வளவே ஏற்க வேண்டும். அடுத்த வினா இன்னும் கூர்மையானது: அக்கணினியின் கடிகாரமே சரியாக ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? பழைய கணினிகளில் உள்ளிருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால், கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடுவதும் உண்டு. கடிகாரம் பிழையானால் பதிவேடு முழுவதும் பயனற்ற சாட்சியாகிவிடும்.

இவ்விடத்தில்தான் பூசா சாலைக்கு அப்பாலுள்ள ஆராய்ச்சிச் சாலை நம் கணக்கினுள் வருகிறது. 1947ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் பண்டித நேரு அவர்களால் அடிக்கல் நாட்டப்பெற்று, 1950ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் சர்தார் படேல் அவர்களால் திறந்து வைக்கப்பெற்ற நிலையம் இது. இதன் முதல் இயக்குநர் நம் வத்திராயிருப்பில் பிறந்த விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன், அதற்கு முன்னுள்ள சாலை அவர் பெயரையே தாங்கியுள்ளது. ('பூசா' என்னும் பெயரோ பீகாரைச் சேர்ந்தது. 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின்னர் அங்கிருந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தில்லிக்கு மாற்றப்பட்டபோது, ஊர்ப்பெயரும் உடன் வந்துவிட்டது.) இங்கு சீசியம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு இந்திய நேரம் பேணப்படுகிறது. சீசியம் அணுவினின்று எழும் ஒரு குறிப்பிட்ட கதிரலை 9,19,26,31,770 முறை அதிரும் காலமே ஒரு விநாடி என 1967இல் சர்வதேச அளவைகள் மாநாடு வரையறுத்தது. இந்நேரம் வலை வழியே கணினிகளுக்கும் வழங்கப்படுகிறது.

கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் மத்திய அரசின் 'செர்ட் இன்' நிலையம், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி, நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவல் மையத்தின் நேரத்தோடோ தேசியப் பௌதிக ஆராய்ச்சிச் சாலையின் நேரத்தோடோ இணக்கி வைத்தல் வேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் பாதுகாத்தல் வேண்டும். தாக்குதல் நிகழ்ந்ததை அறிந்த 6 மணி நேரத்திற்குள் அறிவித்தல் வேண்டும். மேலே கூறிய எழுத்தரின் கதையைப் படித்தவர்க்கு இவ்வாணையின் நோக்கம் எளிதில் விளங்கும். ஒருவருடைய மானமும் பிழைப்பும் ஒரு கடிகாரத்தில் தொங்கக் கூடும்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை

பூட்டைத் திறக்கக் கற்றுக் கொடுத்தால் மாணவர் திருடராகிவிடமாட்டார்களா என்று பெற்றோர் வினவுவது இயல்பே. இவ்வினாவை அலட்சியம் செய்தல் தகாது. புதிதாக ஒரு வித்தை கற்ற சிறுவன், அதனைப் பக்கத்து வீட்டு வலையிலோ தன் பள்ளியின் வலைத்தளத்திலோ செய்து பார்க்க விரும்புவான். அது விளையாட்டு என்று அவன் கருதினாலும் சட்டம் அவ்வாறு கருதாது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆவது பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிப் பிறர் கணினியுள் நுழைவதையே தவறாகக் கொண்டு இழப்பீடு விதிக்கிறது. அதனை நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தால், 66ஆவது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைவாசமோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். ஆகவே முதல் நாள் முதல் பாடமாகக் கூற வேண்டியது 'அனுமதி' என்னும் சொல்லே. போட்டியாளர் அமைத்துக் கொடுத்த கணினியும், பள்ளியில் இதற்கென ஒதுக்கிய கணினியும் தவிர வேறொன்றையும் தொடுதல் கூடாது. அனுமதி வாய்ச்சொல்லாக இல்லாமல் எழுத்து மூலம் இருத்தல் நலம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாணவனொருவன் பள்ளியின் வலைத்தளத்தில் தற்செயலாக ஒரு பழுதைக் கண்டு ஆசிரியரிடம் வந்து கூறினால், அவனைக் குற்றவாளி போல் விசாரிப்பதைப் பல இடங்களில் காண்கிறோம். அடுத்த முறை அவன் எவரிடமும் கூறமாட்டான். அவன் கண்டதை எழுதி வாங்கி, அதற்கு மேல் துருவாதிருக்கச் செய்து, உரியவர்க்கு அனுப்புவதே ஆசிரியரின் கடமையாகும்.

குழு அமைப்பதில் ஒரு சொல். கணினியில் முதல் மதிப்பெண் பெறும் ஐவரைத் தெரிந்தெடுப்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை. பொறுமையாகப் பதிவேடு படிப்பவர் ஒருவர், கணக்கில் நாட்டமுடையவர் ஒருவர், மொழியறிவுடையவர் ஒருவர், கண்டதை அவ்வப்போது குறித்து வைப்பவர் ஒருவர் என்று அமைந்த குழுவே நின்று வெல்லும். பெண் குழந்தைகளைத் தாமாக முன்வரும்படி காத்திராமல் அழைத்துச் சேர்த்தல் வேண்டும். இங்கிலாந்தில் அரசாங்கத்தின் தேசிய சைபர் பாதுகாப்பு மையமே 2017 முதல் 12, 13 வயதுச் சிறுமியர்க்கெனத் தனிப் போட்டி நடத்தத் தொடங்கியது. அவ்வயதிற்குப் பின்னர் அழைத்தால் பலர் வேறு வழி சென்றுவிடுவர் என்பதே அதன் கருத்து.

போட்டிக்குப் பெயர் பதிவு செய்யும்போது மாணவரின் பிறந்த தேதி, கைபேசி எண் முதலியன கேட்கப்படும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தையென்றே கொள்கிறது. பெற்றோரின் இசைவு பெறாமல் இவ்விவரங்களை வழங்கலாகாது. பாதுகாப்புப் போட்டிக்கென்றே போலி வலைத்தளம் அமைத்து விவரம் பறிப்போரும் இருக்கக்கூடுமாதலின், முகவரியை ஆசிரியர் தாமே சரிபார்த்தல் வேண்டும். பணம் பறிபோன செய்தி எவரேனும் கொண்டு வந்தால், 1930 என்னும் எண்ணுக்குக் காலதாமதமின்றித் தொலைபேசி செய்யச் சொல்க. பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கும் சில மணி நேரத்திற்குள்ளேயே அதனைத் தடுத்து நிறுத்த இயலும்.

வாசகர்களுக்குப் பயிற்சியாக மறைகுறி ஒன்று கீழே தரப்படுகிறது. மேற்கூறிய வரிசையும் விதியுமே இதற்கும் பொருந்தும். தள்ளிய இடங்களின் எண்ணிக்கை மட்டும் வேறு. தனித்து நிற்கும் உயிரெழுத்து மாற்றப்படவில்லை என்பதும், ணகரத்தில் தொடங்கும் சொல் தமிழில் இல்லை என்பதும் துணைபுரியும்.

அனுகனணண் ணமிணாறழ் விஙை